தூக்கின கொடி

தோற்பதற்கு ஆள் கிடைக்காமல், ராயபுரம் வாலிபர் அபிவிருத்தி சங்கம் 1927ஆம் வருஷத்துப் புரட்டாசி மாசம் முழுக்கத் திண்டாடியது.

மற்றபடி சங்கத்துக்கு ஒரு குறையும் கிடையாது. மூன்று பாஷையில் எழுதிய பெயர்ப்பலகை இருந்தது. தலைவர், உபதலைவர், கௌரவத் தலைவர் என்று நாற்காலிக்கு மேல் நாற்காலியாகப் பெரியவர்கள் இருந்தார்கள். காரியதரிசி ரகுபதி இருந்தார். கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் அவர் ஹெட் குமாஸ்தா. கூலிக்காரர்களிடம் பேசும்போது தாமே கம்பெனி என்றும், துரைமாரிடம் பேசும்போது தாம் அந்தக் கம்பெனியின் தூசி என்றும் மனசார நம்பக்கூடிய மனுஷர்.

துறைமுக வேலைக்காகக் கனடா தேசத்திலிருந்து வந்திருந்த இஞ்சினீயர் துரை ஒருவர், தம் ஊர் ஆட்டம் இங்கேயும் தழைக்கட்டும் என்று ஒரு பெட்டி நிறைய மட்டைகளை வரவழைத்துச் சங்கத்துக்குக் கொடுத்தார். ஆட்டத்தின் பெயர் லக்ராஸ். நீளமான கழி, கழியின் தலையில் வளைத்த மரம், வளைவுக்குள் தோல்வாரால் பின்னிய வலை. கல் மாதிரியான ஒரு ரப்பர் பந்தை அந்த வலையில் அள்ளிக்கொண்டு ஓடி, கைமாற்றி, எதிர்க்கட்சியின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வீச வேண்டும். கையால் தொடக் கூடாது. உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள் வெள்ளைக் கால்சட்டை தைத்துக்கொண்டு பழகினார்கள். துறைமுகத்தின் பெரிய துரை வெள்ளிக் கோப்பை தருவதாகச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் ரகுபதிக்கு உறைத்தது: ஒருத்தன் ஜெயிக்க வேண்டுமானால் இன்னொருத்தன் தோற்றாக வேண்டும். சென்னப்பட்டணம் முழுக்கச் சல்லடை போட்டாலும் இந்த ஆட்டம் தெரிந்த இன்னொரு கட்சி இல்லை.

ஆகவே மிச்சமிருந்த பழைய மட்டைகள் கல்மண்டபத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்துக்கு வந்து சேர்ந்தன. தோற்கிற வேலைக்குக் குப்பத்துப் பையன்கள் பொருத்தமானவர்கள் என்று நிர்வாகக் கமிட்டி ஏகமனதாக முடிவு செய்தது. பையன்கள் அதற்குக் கரண்டிவலை என்று பேர் வைத்தார்கள். விஷயம் தோற்பதற்கான ஏற்பாடு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அங்கம்மாவின் மகன் சின்னப்பையன் அந்தக் கட்சியில் முன்னால் ஓடுகிறவன். பதினாலு வயசு, முள்ளும் தோலுமாக ஒரு உடம்பு. மட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினான். அங்கம்மாவுக்கு அது பற்றிக் கவலையில்லை. கல்மண்டபத்து மீன்கடையில் விடியும் முன்னே கூடை இறக்கி, வெயில் ஏறுவதற்குள் காரப்பொடி மீனையும் நெத்திலியையும் கூவி விற்று, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறவளுக்குப் பையனின் கரண்டியைப் பற்றி யோசிக்க நேரமேது. அவள் கவலை வேறே.

ஐப்பசி பிறக்கப் போகிறது. வாடைக்காற்று விழுந்துவிட்டால் கட்டுமரம் கரையேறும். கூடை காலி. அந்த நாட்களில் அந்த வீட்டில் உலை கொதிப்பது புருஷன் சுப்புராயன் கையில் கட்டியிருக்கும் பித்தளைப் பில்லையால்தான். பில்லை இருந்தால்தான் துறைமுகத்துக்குள் விடுவார்கள். ஐப்பசிக்கு ஐப்பசி பழைய பில்லையை வாங்கிக்கொண்டு புதுசு கொடுப்பார்கள். கொடுப்பவர் ரகுபதி.

சுப்புராயன் ஒரு காலத்தில் கடலுக்குப் போனவன். துறைமுகச் சுவர் வந்து, வடக்கே கரையை அலை தின்று, மரம் இழுக்க மணலே இல்லாமல் போன பிறகு கப்பல் வேலைக்கு வந்தான். கப்பல் மேல்தளத்தில் சரக்குக் குழியின் வாயருகே கொடி பிடித்து நிற்பது அவன் வேலை. குழிக்குள் என்ன நடக்கிறது என்பது சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச்சு எந்திரத்தை ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. அவன் பார்ப்பது கொடியை மட்டும். கொடி மேலே போனால் சரக்கை இறக்குவான். சரக்கு தரை தொட்டு, கொக்கியைக் கழற்றி, கீழே இருக்கிறவர்கள் குரல் கொடுக்கும்வரை கொடி மேலேயே நிற்க வேண்டும். நடுவில் அசைந்தால் வின்ச்சு நின்றுவிடும். அந்தரத்தில் நின்ற பாரம் ஊஞ்சலாடும்.

ஊஞ்சலாடினால் என்னாகும் என்பதற்கு அந்த வீட்டிலேயே சாட்சி இருந்தது. அங்கம்மாவின் தம்பி கருணாகரன். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவனுக்கு மேலே பாரம் இறங்கிக்கொண்டிருந்தபோது, மூட்டைக் கணக்கு இடித்ததென்று மேடையிலிருந்து ஒரு குமாஸ்தா "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினான். அன்றைக்குக் கொடி பிடித்தவன் நல்ல மனுஷன், ஆனால் பயந்த மனுஷன். எஜமான் குரல் கேட்டதும் கை தானாக இறங்கிவிட்டது. ஆடின பாரத்திலிருந்து சரிந்த மூட்டைகள் கருணாகரனின் வலது காலை முழங்காலோடு முறித்துப் போட்டன. அந்தக் கொடியைத்தான் மறுவாரம் சுப்புராயன் வாங்கிக்கொண்டான். கருணாகரன் கைக்கோலோடு வீட்டில் உட்கார்ந்து வலை முடிகிறான். வாய்க்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் சுப்புராயன் ஒரு வெள்ளைக் கோட்டோடு வந்தான். அதில் அவனைப்போல இன்னொருவனையும் சேர்த்துப் போடலாம்.

"இன்னாய்யா இது, எவன் வூட்டு இழவுல சுட்ட கோட்டு?" என்றாள் அங்கம்மா. கூழைத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"சங்கத்து கோட்டு மே. சனிக்கெயம ஆட்டத்துக்கு நான்தான் அம்பேரு."

"அப்டீன்னா?"

"கோலுகிட்ட நிக்கணும். பந்து உள்ள போனா கொடி தூக்கணும்."

"போவாட்டி?"

"சொம்மா நிக்கணும்."

"அத்தத்தான மாமா ஹார்பர்ல பண்ணிகினு கீற" என்றான் கருணாகரன். "கோட்டு மட்டுந்தான் புச்சு. சங்கத்துல அம்மாம் பேரு குந்திகினு கீறாங்களே, ஒருத்தனும் நிக்க மாட்டானாமா?"

"ஒபதலைவரு நின்னாராம். போன வாரம் பந்து முட்டில பட்டு இன்னும் படுக்கைல கீறாராம். அதுக்கப்பறம் எவனும் அந்தாண்ட போவ மாட்டேங்கிறான். 'நம்ம கொடிக்காரன் கீறானே'ன்னு செகரெட்டி நம்மளக் காட்டிட்டாரு."

அங்கம்மா துடுப்பை நிறுத்தினாள். "புள்ள ஆடுறான். அப்பன் கொடி தூக்கறதா? ஊரு இன்னா பேசும்?"

"பில்லை குடுக்கறவரு கூப்ட்றாரு. வரலன்னு சொல்லச் சொல்றியா?"

அவள் சொல்லச் சொல்லவில்லை. கூழை ஊற்றி, சுட்ட கருவாட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

சனிக்கிழமை. தண்டையார்பேட்டையில் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்குள் நாற்காலி, சோடா, பெரிய துரை, அவர் மனைவி, கோப்பை. பந்தலுக்கு வெளியே கயிறு. கயிற்றுக்கு வெளியே குப்பம். ஈசான்ய மூலையில் மேகம் திரண்டிருந்தது. காற்று நின்றுபோய் உப்பும் எண்ணெயும் கலந்த புழுக்கம்.

கம்பங்களுக்குப் பின்னால் வலை கட்ட வேண்டும் என்பது விதி. சீமையிலிருந்து வர வேண்டிய வலை கப்பலில் வந்துகொண்டிருந்தது. "நம்மகிட்ட கீது சாமி, நல்ல வலை, நானே முடிஞ்சது" என்று காலையிலேயே கருணாகரன் தோளில் சுமந்துகொண்டு போயிருந்தான். ரகுபதி மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, "துரைசானி அம்மாள் வருகிற இடத்தில் மீன் நாற்றமா? எடுத்துண்டு போ" என்றார். வலை இல்லாத கம்பங்களுக்குள் பந்து போனதா, வெளியே போனதா என்பதற்கு ஒரே அத்தாட்சி கம்பத்துக்குப் பின்னால் நிற்பவனின் கண். இதை ரகுபதி அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. மூக்குதான் முன்னால் இருந்தது.

ஆட்டத்துக்கு முன் அவர் சட்டப் புத்தகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கயிற்றோரம் வந்தார். குப்பத்து ஜனங்கள் கூச்சல் போடுவார்கள் என்பதால் அவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு பிரசங்கம்.

"எல்லோரும் கேளுங்கோ. இது சடுகுடு அல்ல. இங்கே சட்டம் இருக்கிறது. கோல் அம்பையர் கொடி தூக்கினால் கோல். துரை விசில் ஊதினதும் அம்பையர் கொடியை இறக்குவார், மறுபடி ஆட்டம். அம்பையர் தீர்ப்பே முடிவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது, லண்டன் வரைக்கும் கிடையாது. புரிந்ததா?"

"பிரிஞ்சிது சாமி. லண்டனுக்கு போவ மாட்டோம்" என்றான் கருணாகரன்.

சுப்புராயன் கடல்பக்கத்துக் கம்பங்களுக்குப் பின்னால், கோட்டுக்குள் காணாமல்போய், ஆளுயரத்துக்கு மேல் நீண்ட கழியில் கட்டின சிவப்புக் கொடியோடு நின்றான். எதிர்முனைக்கு டிராயிங் வாத்தியார் நீலமேகம், பந்து வந்தால் விரிப்பதற்கு ஒரு குடையோடு. முதல் பாதியில் குப்பம் காக்க வேண்டியது சுப்புராயன் நின்ற பக்கத்தை.

கனடா துரை விசில் ஊதினார். புழுதி கிளம்பியது. சங்கத்துப் பிள்ளைகள் அணிவகுத்து ஓடினார்கள். குப்பத்துப் பையன்கள் கலவரம் மாதிரி ஓடினார்கள். ஆனாலும் பந்து அவர்கள் வலையில் விழுந்தால் விழுந்ததுதான். துள்ளுகிற மீனை ஏந்துகிற மாதிரி மணிக்கட்டை லேசாகத் தாழ்த்தி வாங்கிக்கொண்டார்கள். வீசத்தான் தெரியவில்லை. சின்னப்பையன் வீசின ஒரு பந்து சோடா வண்டியைத் தேடிப் போனது.

முதல் பாதி முடியப் போகிற நேரத்தில் சங்கத்துப் பையன் ஒருவன் பந்தைத் தரையோடு தட்டிவிட்டான். குப்பத்துக் காவல்காரப் பையன் விழுந்து மறித்தான். பந்து அவன் முழங்கை இடுக்கில் மெதுவாக உருண்டு, கம்பங்களுக்கு நடுவிலிருந்த கோட்டைத் தாண்டி, நின்றது. அவன் சட்டென்று வாரி வெளியே இழுத்துக்கொண்டான். பந்தலில் யாருக்கும் தெரியவில்லை. வீசினவனே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டான்.

சுப்புராயன் கொடியைத் தூக்கினான்.

குப்பம் மொத்தமாக வாயைத் திறந்தது.

"அடப்பாவி! ஒன் புள்ள கட்சிய்யா அது!"

"சோறு துன்றியா, வேற இன்னாவா?"

அங்கம்மா தலையிலிருந்த சும்மாட்டைக் கழற்றித் தரையில் அடித்தாள். "யோவ்! எவனும் பாக்கலியே! ஒனக்கு மட்டும் இன்னாய்யா கண்ணு அப்டி கீது!"

விசில் ஊதியது. கொடி இறங்கியது. ரகுபதி பந்தலிலிருந்து கைதட்டிக்கொண்டே ஓடிவந்து, பெரிய துரை பக்கம் திரும்பி இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். பெரிய துரை தலையை ஆட்டினார். பிறகு கயிற்றோரம் வந்து ரகுபதி அதன் சாரத்தைத் தமிழில் வழங்கினார்.

"பார்த்தீர்களா? பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கொடி! இதுதான் பிரிட்டிஷ் நியாயம்! இந்த மனுஷன் நம் கம்பெனி ஆள்! நான் தேர்ந்தெடுத்த ஆள்!"

இடைவேளையில் அங்கம்மா தண்ணீர்ச் சொம்போடு கயிற்றுக்குள் புகுந்து புருஷனிடம் போனாள். சொம்பைக் கொடுத்தாள், முகத்தைக் கொடுக்கவில்லை.

"புள்ள அய்துகினு கீறான்."

"உள்ள போச்சு மே."

"நீதான் ஊருக்கு ஒருத்தன், அரிச்சந்திரன் வூட்டு அண்ணன்."

"அதுக்கின்னா பண்றது. போச்சு, தூக்கனேன்."

சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவளே சொன்னாள்: "செகரெட்டி ரொம்ப குஷியா கீறாரு. பில்லைக்கு பயமில்ல." அந்த ஒரு ஆறுதலோடு கயிற்றுக்கு வெளியே போய் உட்கார்ந்தாள்.

இரண்டாம் பாதியில் கட்சிகள் பக்கம் மாறின. இப்போது சுப்புராயன் நின்ற பக்கத்தைச் சங்கத்துக் கட்சி காத்தது. காவல் நின்றவன் ரகுபதியின் மகன் சங்கரநாராயணன். அவன் சட்டையில் மட்டும் நீலப் பட்டி வைத்துத் தைத்திருந்தது.

ஆரம்பித்த சூட்டிலேயே குப்பம் ஒரு கோல் போட்டது. எல்லாரும் பார்க்க, கம்பங்களுக்கு நட்ட நடுவே. கொடி ஏறியது, விசில் ஊதியது, கொடி இறங்கியது. பந்தலில்கூடக் கைதட்டினார்கள், பிச்சைக்காரன் பாட்டு நன்றாக இருந்தால் தட்டுவோமே, அந்தத் தட்டு.

அதற்கப்புறம் பந்தலில் சோடா குடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. ஆட்டம் சமம். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ரகுபதி நாற்காலியின் நுனிக்கு வந்து, பிறகு எழுந்து, பிறகு கோப்பைக்குப் பக்கத்தில் போய் நின்றார், அது ஓடிவிடும் என்பதுபோல.

கடைசி நேரத்தில் பந்து சின்னப்பையன் வலையில் விழுந்தது. இரண்டு பேர் அவன் கழியின் மேல் கழியால் அடித்தார்கள். அவன் பந்தை விடாமல் ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து, தூண்டிலை எறிகிற மாதிரி பக்கவாட்டில் வீசினான். சங்கரநாராயணன் பாய்ந்தான். பந்து அவன் கழிக்குக் கீழே பூந்து, இடது கம்பத்தை உரசி, பின்னால் போய்ச் சாக்கடையில் விழுந்தது.

சிவப்புக் கொடி மேலே போனது.

குப்பம் போட்ட சத்தத்தில் கிடங்குக் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பின. ஆனால் விசில் ஊதவில்லை.

சங்கரநாராயணன் எழுந்து உட்கார்ந்து, "வெளியே! கம்பத்துக்கு வெளியே!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினான். கனடா துரை விசிலை வாயில் வைத்தபடியே பந்தலைப் பார்த்தார். பெரிய துரையின் முகத்தைப் பார்த்தார். விசிலை எடுத்துவிட்டார். அவர் நல்லவர்தான். ஆனால் அவர் கட்டுகிற பாலத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் பந்தலில் உட்கார்ந்திருந்தார்.

ரகுபதி ஓட்டமாக ஓடிவந்தார். "சுப்புராயா, கொடியை இறக்கு. பந்து வெளியே போனது."

"உள்ள போச்சு சாமி."

"நான் சொல்கிறேன், வெளியே!"

"நீங்க பந்தல்ல இருந்தீங்க சாமி. நான் இங்க நிக்கறேன்."

ரகுபதி கனடா துரையிடம் திரும்பினார். துரை நாலு வார்த்தை சொன்னார். ரகுபதிக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சட்டப்படி அம்பையர் தீர்ப்பை யாரும் மாற்ற முடியாது. அம்பையர் தானாகக் கொடியை இறக்கினால், தானே தீர்ப்பை வாபஸ் வாங்கியதாக எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். அவ்வளவுதான் வழி. ரகுபதி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். தேடினது கிடைத்துவிட்டது.

"அம்பையர் என்பவர் எந்தக் கட்சிக்கும் சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும் என்று இதோ அச்சில் இருக்கிறது! இவன் அந்தப் பையனின் தகப்பன்! இவன் கொடி செல்லாது!"

கயிற்றின் மேல் சாய்ந்துகொண்டிருந்த கருணாகரன் கைக்கோலைத் தூக்கினான். "சாமி! மொத கோலு தூக்கனப்ப இவன் அந்தப் புள்ளைக்கு அப்பன் இல்லியா? இடைவேளைலதான் பெத்தானா?"

குப்பம் சிரித்த சிரிப்பில் டிராயிங் வாத்தியாரும் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். முதல் கோலும் செல்லாதென்றால், எல்லாரும் கண்ணால் பார்த்த குப்பத்துக் கோல் மட்டும் மிஞ்சும், ஆட்டம் குப்பத்துக்கு. ரகுபதி புத்தகத்தை மூடினார். அவருக்குத் தெரிந்த கடைசி வழி துறைமுக வழி. சரக்கை இறக்கச் சொல்லிக் கப்பலில் கத்துகிற சொல் 'ஆரியா'. அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

"ஆரியா! சுப்புராயா, ஆரியா!"

சுப்புராயனின் கை அசையவில்லை. "நான் தொரைமாருக்கும் சொல்லிக்கறேன் சாமி. ஒரு விசிலு ஊதச் சொல்லுங்க. ஒடனே எறக்கிடறேன். ஊதாத எறக்கனது கெடையாது."

ரகுபதி கிட்டப் போய்க் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தின குரல் அங்கம்மாவுக்குக் கேட்டது. மீன்கடையில் அடுத்தவளின் ரகசிய விலையைக் காதில் வாங்கிப் பழகின காது அது. பில்லை என்ற சொல் கேட்டது. திங்கட்கிழமை என்ற சொல் கேட்டது. அவள் எழுந்து கயிற்றைத் தாண்டினாள்.

ரகுபதி அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "வாம்மா. நீ விவரம் தெரிந்தவள். உன் புருஷனுக்கு நல்ல புத்தி சொல்லு. கொடியை இறக்கிவிட்டால் ஐப்பசிக்கு நானே என் கையால் புதுப் பில்லை தருவேன். இல்லாவிட்டால்…"

முடிக்கவில்லை. வாக்கியத்தை முடிக்க வேண்டிய தேவை இல்லாதவர்கள்தான் அப்படிப் பாதியில் விடுவார்கள்.

அங்கம்மா புருஷன் முன்னால் போய் நின்றாள். கோட்டின் கை முழங்கை வரை சரிந்து, தூக்கிய கையில் நரம்பு புடைத்து நின்றது.

"யோவ். எறக்கித் தொலைய்யா."

அவன் கழியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"வெள்ளிக் கோப்பைலயா நாம கூழு குடிக்கப் போறோம்? வாடை வுழப் போவுது. கூடைல எத்த வச்சி விப்பேன், மணலையா? தம்பிக்கு ஒரு வாயி, புள்ளைக்கு ஒரு வாயி. நீ ஒரு தபா கைய எறக்கனா இன்னா கொறஞ்சி பூடும்?"

"கை வர்ல மே."

"இன்னா கை வர்ல? தூக்கத் தெரிஞ்ச கைதான?"

"எறக்கச் சொல்லி ஒருத்தன் கத்தனா எறக்கற கையா இருந்தா, நாளைக்கி குழி வாயாண்ட நின்னுகினும் எறக்கும். கீய கீறவன் என்னிய நம்பி நிப்பானா?"

"நாளைக்கி அங்க நிக்கவே வுட மாட்டேன்றாரு, நீ அதப் பேசிகினு கீற!"

சுப்புராயன் யோசித்தான். யோசித்துவிட்டு, "அப்பவும் கை வர்ல" என்றான்.

அங்கம்மாவுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. திரும்பினாள். கயிற்றோரம் கருணாகரன் கைக்கோலைக் கக்கத்தில் இடுக்கி, நல்ல காலில் நின்றுகொண்டிருந்தான். வலது கால் காற்றில் ஆடியது. வழக்கமாக ஏதாவது நையாண்டி பேசுகிறவன் இப்போது வாயை மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அவனைக் குழியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு, அந்தப் பயந்த கொடிக்காரன் வீட்டு வாசலில் வந்து விழுந்து அழுதது அவளுக்கு ஞாபகம் வந்தது. 'எஜமான் கத்துனாரும்மா, எஜமான் கத்துனாரும்மா' என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். கத்தின குமாஸ்தா அந்தப் பக்கமே வரவில்லை.

அவள் மறுபடி புருஷன் பக்கம் திரும்பினாள். குரல் மாறியிருந்தது.

"மெய்யாலுமே உள்ள பூந்துச்சா?"

"பூந்துச்சு. கம்பத்துக்கு ஒரு வெரக்கடை இந்தாண்ட."

"கண்ணால பாத்த?"

"கண்ணால பாத்தேன்."

அங்கம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரகுபதியிடம் வந்தாள்.

"கேட்டேன் சாமி. உள்ளதான் போச்சாம்."

ரகுபதியின் முகம் கோட்டில் செருகியிருந்த பூவுக்குப் பொருந்தாத ஒரு நிறமாயிற்று. "இதைச் சொல்லவா உன்னை அனுப்பினேன்?"

"நல்ல புத்தி சொல்லச் சொன்னீங்கோ. அது அவருகிட்டயே கீது. நான் இன்னாத்த புச்சா சொல்றது?"

பந்தலில் பெரிய துரை எழுந்துவிட்டார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. ஆட்டம் முடியவும் இல்லை, தொடரவும் இல்லை. விசில் கனடா துரையின் சட்டைப் பைக்குள் போய்விட்டது. கோப்பையைக் கமிட்டி விசாரித்துப் பிறகு வழங்கும் என்று ரகுபதி அறிவித்தார். எந்தக் கமிட்டி என்று யாரும் கேட்கவில்லை. கோப்பை பெரிய துரையின் மோட்டாரில் அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்த வழியே போயிற்று.

சங்கத்துக் கூலிக்காரர்கள் பந்தலைப் பிரித்தார்கள். நாற்காலிகளை வண்டியில் அடுக்கினார்கள். கயிற்றைச் சுருட்டினார்கள். கடைசியில் வந்து சுப்புராயனுக்கு முன்னாலிருந்த இரண்டு கம்பங்களையும் பிடுங்கினார்கள். கோலே இல்லாத பொட்டலில், தூறலில், அவன் கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றான். வலது கை மரத்துப் போனபோது இடது கையை மேலே கொண்டுபோய்க் கழியைப் பிடித்துக்கொண்டு வலது கையை விட்டான். கொடி ஒரு சாண்கூடத் தாழவில்லை. சின்னப்பையனும் மற்றப் பையன்களும் அவனைச் சுற்றி மட்டையோடு உட்கார்ந்துகொண்டார்கள்.

சங்கத்துப் பியூன் ரஷீது தயங்கித் தயங்கி வந்தான். அவன் அங்கம்மா வீட்டுத் தெருக்கோடிக்காரன். அங்கம்மாவிடம் வாரா வாரம் மீன் வாங்குகிறவன்.

"அக்கா, நம்ம மேல கோவம் வோணாம். பில்லைய வாங்கியாரச் சொன்னாரு."

அங்கம்மா தானே தொளதொளத்த கோட்டுக் கையைத் தோள்வரை தள்ளி, புருஷனின் மேல்கையில் கட்டியிருந்த வாரை அவிழ்த்தாள். பித்தளை இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. முந்தானையில் துடைத்து ரஷீது கையில் வைத்தாள். கோட்டையும் கழற்ற வேண்டியிருந்தது. ஒரு கை கழற்றி, கொடியைக் கைமாற்றி, மறு கை கழற்றினார்கள். அதைச் செய்து முடிப்பதற்குள் பையன்கள் நாலு பேர் சேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

"கோட்டும் ஆச்சு. அவ்ளோதான?"

ரஷீது தலையைச் சொறிந்தான். "கொடியும் சங்கத்தோடதுக்கா. எண்ணிப் பாப்பாங்கோ."

"இந்தா, எட்த்துக்கினு போ. எவன் வேணாங்கறான்?" என்றாள் அங்கம்மா. "ஒண்ணே ஒண்ணு. எறக்காத எட்த்துக்கினு போ. விசிலு இன்னும் ஊதல."

ரஷீது கொடியைப் பார்த்தான், சுப்புராயனைப் பார்த்தான், அவனைச் சுற்றி மட்டையோடு எழுந்து நின்ற பையன்களைப் பார்த்தான். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. பில்லையையும் கோட்டையும் கக்கத்தில் அடக்கிக்கொண்டு கழிக்குக் கீழே கையைக் கொடுத்தான். சுப்புராயன் விட்டான். எல்லார் கண்ணுக்கும் முன்னால் கொடி மேலேயே இருந்தபடி கை மாறியது.

"நேரா புடி தோஸ்து" என்றான் கருணாகரன். "சாஞ்சா அவுட்டு."

சங்கத்துப் பியூன் முன்னால் நடந்தான். குப்பம் பின்னால் நடந்தது. தண்டையார்பேட்டை ரோட்டில் ஜட்காக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் எந்தக் கோவில் திருவிழா என்று கேட்டார்கள். "கோலு! கோலு!" என்று பையன்கள் கத்தினார்கள். பாதி ஜனத்துக்கு விஷயம் புரியவில்லை, இருந்தாலும் கூடவே வந்தார்கள். ஒவ்வொரு தெருமுனையிலும் கருணாகரன் நின்று ஆதியிலிருந்து கதையைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் பந்து கம்பத்துக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போயிற்று.

சங்கத்துக் கட்டடத்துக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். மூன்று பாஷைப் பெயர்ப்பலகை. அதற்குக் கீழே, பெரியவர்களே குனிந்து நுழைகிற வாசல். ரஷீது கொடியோடு வாசலுக்கு நேரே போய் நின்றான். கழி வாசலைவிட இரண்டு பங்கு உயரம். உள்ளே மாடிப்படியின் மேலிருந்து ரகுபதி, "என்னடா கூட்டம்? கொடியைச் சாய்த்து உள்ளே கொண்டுவாயேன், முட்டாள்!" என்று கத்தினார்.

ரஷீது திரும்பி அங்கம்மாவைப் பார்த்தான்.

"என்னியப் பாக்காத. வேல ஒன்து. சாய்க்கறதுன்னா சாச்சிக்கோ" என்றாள் அவள்.

அவன் சாய்க்கவில்லை. கயிறு ஒன்றைத் தேடி எடுத்து, பெயர்ப்பலகையைத் தாங்கின தூணோடு சேர்த்துக் கழியை நிமிர்த்திக் கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தான். அது போதவில்லை என்று கருணாகரன் நொண்டிக்கொண்டே போய், வலைக்காரன் முடிச்சாக இன்னொன்று போட்டான். அறுத்தால்தான் உண்டு, அவிழ்க்க முடியாது. ராயபுரம் வாலிபர் அபிவிருத்தி சங்கத்தின் தலைக்கு மேல் குப்பத்துக் கோல் மழையில் நனைந்துகொண்டு நின்றது.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது சின்னப்பையன் முன்னால் ஓடிவிட்டான். சுப்புராயன் இரண்டு தோளையும் மாற்றி மாற்றிப் பிசைந்துகொண்டு வந்தான். மழை வலுத்தது.

"திங்கக்கெயம கல்மண்டபத்துல ஒனக்கும் ஒரு கூடை வாங்கணும்" என்றாள் அங்கம்மா. "வாடை வுழுந்து கடலு கட்டிக்கறதுக்குள்ள எவ்ளோ முடியுதோ அவ்ளோ. நான் ராயபுரம் பக்கம் பாத்துக்கறேன். நீ காலடிப்பேட்டை பக்கம் போ."

"ஆம்பள எவன் மே மீன் கூடை தூக்கறான்?"

"நீ தூக்கு. தூக்கறதுல நீதான் பேர் போன ஆளாச்சே."

சுப்புராயன் நின்று அவளைப் பார்த்தான். "செரி, தூக்கறேன். எப்ப எறக்கறது?"

அங்கம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"மீனு வித்தா எறக்கு. எவனாச்சும் கத்தனா எறக்காத."